இரவுக்கு இவ்வளவு: பூட்டான் பயணக் கேள்வி பதில்

பூட்டான் பயணம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவாக உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

சேலம் வாசகர்: நான், மனைவி, 10 வயது மகள், 4 வயது மகன். பூட்டானுக்கு விசா வேண்டாம், ஆதார் அட்டை போதும் என்கிறார் ஒரு நண்பர். தினமும் வரி கட்ட வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

முதல் நண்பர் சொன்னதில் பாதி சரி. இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் ஆதார் செல்லாது. குறைந்தது ஆறு மாதம் காலாவதியாகாத பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை, இரண்டில் ஒன்று கட்டாயம். ஆதாரை நம்பி எல்லை வரை போய்விட்டு, ஊரில் பீரோவுக்குள் கிடக்கும் வாக்காளர் அட்டையை நினைத்துத் தவிப்பவர்கள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு. பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழின் அசலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆங்கிலமும் இருக்க வேண்டும். சான்றிதழில் உள்ள பெற்றோர் பெயரும் உங்கள் அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டு இனிஷியல் வழக்கம் வெளியூர் அதிகாரிகளுக்குப் புரியாது. ஒன்றில் ‘கே’ என்றும் இன்னொன்றில் ‘குப்புசாமி’ என்றும் இருந்தால் நின்று விளக்க வேண்டியிருக்கும்.

நுழைவு அனுமதியை பூட்டான் குடிவரவுத் துறையின் இணையதளத்திலேயே வாங்கலாம். அட்டையின் இரு பக்கமும், புகைப்படமும், எந்தெந்த நாளில் எந்த ஊர் என்ற பயணத் திட்டமும் ஏற்ற வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். எல்லை ஊரான ஃபுன்ட்ஷோலிங்கில் நேரிலும் வாங்கலாம். ஆனால் பூஜை விடுமுறைக் காலத்தில் அங்கே வரிசை நீளும். பூட்டானின் அரசு விடுமுறைகளும் நம்முடையவை அல்ல. பயணத் திட்டத்தில் புனாக்கா, ஃபோப்ஜிகா, ஹா என்று போக நினைக்கும் எல்லா ஊரையும் எழுதுங்கள். எழுதாத ஊருக்கு வழியில் மனம் மாறினால் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இனி இரண்டாவது நண்பர் சொன்ன ‘வரி’. அதன் பெயர் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம். அங்கே எல்லோரும் எஸ்.டி.எஃப். என்றே சொல்கிறார்கள். இந்தியருக்கு, 2022 செப்டம்பரில் இருந்து, ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். கணக்கு இரவுக்குத்தான், பகலுக்கு அல்ல. 6 வயது முதல் 12-க்குள் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாதி, அதற்கும் சின்னவர்களுக்கு இல்லை. உங்கள் குடும்பம் ஐந்து இரவு தங்கினால் பெரியவர்கள் இருவருக்கும் 12,000, மகளுக்கு 3,000, மகனுக்கு ஒன்றுமில்லை. ஆக 15,000 ரூபாய். அறை, வண்டி, சாப்பாடு, வழிகாட்டி, கோயில் நுழைவுச் சீட்டு எதுவும் இதில் சேராது. எஸ்.டி.எஃப். ‘உட்பட’ என்று சொல்லும் பேக்கேஜ்காரரிடம், நுழைவுச் சீட்டும் வழிகாட்டியும் அதில் உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பாரோ, திம்பு தாண்டிப் போனால் வழிகாட்டி தேவை.

இந்தக் கட்டணத்துக்குப் பயந்து இரவைக் குறைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மூன்று இரவில் திம்பு, புனாக்கா, பாரோ மூன்றையும் முடிக்க நினைப்பவர்கள் பகல் முழுக்க காரில் உட்கார்ந்து, மலைத் திருப்பங்களில் வாந்தியோடு போய்ச் சேருகிறார்கள். இரவைக் குறைக்காதீர்கள். பணம் போதவில்லை என்றால் ஊரைக் குறையுங்கள்.

கோயம்புத்தூர் வாசகி: ரயிலில் போக முடியுமா? விமானம் மட்டும்தான் வழியா?

தாராளமாக முடியும். கன்னியாகுமரியில் இருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம் வழியாகத்தான் போகிறது. நியூ ஜல்பைகுரியில் நிற்கும். நெடும்பயணம்தான், புத்தகமும் பொறுமையும் வேண்டும். அங்கிருந்து எல்லையின் இந்தியப் பக்க ஊரான ஜெய்காவுக்கு காரில் நாலு, ஐந்து மணி நேரம். வழி முழுக்க தூவார் தேயிலைத் தோட்டங்களும் ஆற்றுப் பாலங்களும். கொல்கத்தா வரை வந்துவிட்டால் சியால்டாவில் இருந்து இரவில் புறப்படும் காஞ்சன் கன்யா எக்ஸ்பிரஸ் ஹாசிமாரா நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து ஜெய்காவ் சுமார் 18 கிலோமீட்டர்தான். விமானமென்றால் பாக்டோக்ரா வரை வந்து சாலை வழியே போகலாம், அல்லது டெல்லி, கொல்கத்தாவில் இருந்து நேராக பாரோவில் இறங்கலாம்.

பாரோ விமான நிலையம் பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. விமானி கண்ணால் மலைகளைப் பார்த்து, வளைத்துத்தான் இறக்க வேண்டும். அதற்கென்று பயிற்சி பெற்ற விமானிகளுக்கு மட்டுமே அனுமதி. அதனால் விமானங்கள் பகலில்தான் வந்து போகும். மேகம் இறங்கினாலோ, பிற்பகல் காற்று வலுத்தாலோ தாமதம், சில நாள் ரத்தும்கூட. பாரோவில் இருந்து திரும்பும் அதே நாளில் டெல்லியிலோ கொல்கத்தாவிலோ சென்னை விமானத்தைப் பிடிக்கும்படி டிக்கெட் போடாதீர்கள். நடுவில் ஓர் இரவு விடுங்கள்.

எங்கள் சிபாரிசு: போகும்போது சாலை, திரும்பும்போது முடிந்தால் விமானம். ஃபுன்ட்ஷோலிங் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 300 மீட்டர் உயரம், திம்பு சுமார் 2,300 மீட்டர். இடையில் உள்ள ஐந்து மணி நேரத்தில் வெப்பக் காடு மாறி, கெடு பக்கம் மூடுபனி சூழ்ந்து, பிறகு ஊசியிலை மரங்கள் வருவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போகலாம். விமானத்தில் போனால் இது கிடைக்காது. திம்பு, பாரோ சாலைகள் பிரியும் சூசோம் கூடுதுறையில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். நேபாள, திபெத்திய, பூட்டானிய பாணிகளில் ஒவ்வொன்றாக மூன்று ஸ்தூபிகள் ஆற்றோரம் நிற்கும்.

மதுரை வாசகர்: பெற்றோருக்கு 66, 62 வயது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம், அம்மாவுக்கு மூட்டு வலி. ‘புலிக் குகை’ மடத்துக்கு ஏற முடியுமா? பயணத்தை எந்த வரிசையில் வைப்பது?

வரிசையை முதலில் சொல்கிறோம், ஏனென்றால் ஏற முடியுமா என்பது பாதி அதில்தான் இருக்கிறது. முதல் இரவு ஃபுன்ட்ஷோலிங். அடுத்த இரண்டு இரவு திம்பு. பிறகு சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் உள்ள தோச்சுலா கணவாயைக் கடந்து, சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள புனாக்காவுக்கு இறங்கி, அங்கே ஓர் இரவு, முடிந்தால் இரண்டு. கடைசியாக பாரோவில் இரண்டு இரவு. இப்படிப் போனால் உடம்பு உயரத்துக்குப் பழகி, நடுவில் தாழ்வான இடத்தில் நன்றாகத் தூங்கி எழுந்து, மலையேற்றம் கடைசியில் வரும். வந்து இறங்கிய மறுநாளே ஏறுபவர்களுக்குத்தான் தலைவலியும் குமட்டலும் வருகிறது.

தக்சங் என்ற அந்த மடம் சுமார் 3,120 மீட்டர் உயரத்தில், பாரோ பள்ளத்தாக்கின் தரையில் இருந்து ஏறக்குறைய 900 மீட்டர் மேலே, பாறை முகப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குரு பத்மசம்பவர் பெண்புலியின் மேல் பறந்து வந்து தவம் செய்த குகை என்பது நம்பிக்கை. மடம் கட்டப்பட்டது 1692-ல். 1998-ல் தீயில் பெரும்பகுதி அழிந்து, பழைய வடிவிலேயே திரும்பக் கட்டினார்கள்.

கார் நிற்கும் இடமே சுமார் 2,600 மீட்டர். அங்கிருந்து பாதி வழியில் ஒரு சிற்றுண்டிச் சாலை வரும். அதுவரை குதிரை கிடைக்கும். குதிரை ஏறுவதற்கு மட்டும்தான். இறங்கும்போது ஆளை ஏற்ற மாட்டார்கள். இதைத் தெரியாமல் குதிரையை நம்பிப் போகும் முழங்கால் வலிக்காரர்கள் இறக்கத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மூட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. சிற்றுண்டிச் சாலையைத் தாண்டிப் போனால் மடம் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும் ஒரு பாறை முனை வரும். நல்ல படங்கள் எல்லாம் அங்கே எடுத்தவைதான். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான படிகள் கீழே இறங்கி, அருவியைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். திரும்பும்போதும் அதே படிகள்.

எனவே அம்மாவுக்கு: குதிரையில் சிற்றுண்டிச் சாலை வரை. அங்கே தேநீரோடு உட்கார்ந்தாலே மடம் நன்றாகத் தெரியும். இறங்குவதற்கு அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் ஊன்றுகோலும், ஒன்றரை மணி நேரப் பொறுமையும் வேண்டும். அதுவும் கடினம் என்று தோன்றினால் அடிவாரத்தில் இருந்தே பார்க்கட்டும், குறையொன்றுமில்லை. அப்பா தினமும் நடப்பவராக இருந்து, அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால், மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஏறலாம். ரத்த அழுத்த மாத்திரையை ‘மலைக்குப் போகிறோமே’ என்று நிறுத்தக் கூடாது. உயரத்துக்கான அசிட்டசோலமைடு மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். மருத்துவர் சொன்னால் மட்டும்.

காலை ஏழு, ஏழரைக்கு நடக்கத் தொடங்குங்கள். சுமாரான நடை உள்ளவர்களுக்குப் போய்வர ஐந்து, ஆறு மணி நேரம். நுழைவுச் சீட்டு அடிவாரத்திலேயே வாங்க வேண்டும், மேலே கிடைக்காது. மடத்துக்குள் கைபேசி, கேமரா, பை எதற்கும் அனுமதியில்லை, வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மதியம் உணவுக்காக மடத்தை ஒரு மணி நேரம் மூடுவார்கள். பத்தரைக்குள் போய்ச் சேர்ந்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மேலே போனதும் போட்டுக்கொள்ள ஒரு கம்பளி. வியர்த்த உடம்போடு குளிர்ந்த மடத்துக்குள் போவதால்தான் பலருக்குச் சளி பிடிக்கிறது.

தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, நடை தள்ளாடினாலோ உடனே கீழே இறங்குவதுதான் மருந்து. ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று வற்புறுத்தாதீர்கள்.

தஞ்சாவூர் வாசகி: நாங்கள் சுத்த சைவம், ஆனால் வெங்காயம், பூண்டு சாப்பிடுவோம். பட்டினி கிடப்போமா?

மாட்டீர்கள். ஆனால் காரத்துக்குத் தயாராகுங்கள். பூட்டானில் மிளகாய் தாளிப்புக்கு அல்ல, அதுதான் காய்கறி. தேசிய உணவான எமா தாட்ஷி, முழு மிளகாயைக் கீறிப் பாலாடைக் கட்டியில் வேகவைப்பது. ஆந்திரச் சாப்பாட்டுக்குப் பழகிய நாக்கும் முதல் நாள் திணறும். உருளைக்கிழங்கில் செய்யும் கேவா தாட்ஷி, காளானில் செய்யும் ஷாமு தாட்ஷி இரண்டும் நமக்கு எளிதாக ஒத்துப்போகும். மிளகாயைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள். சோறு பெரும்பாலும் சிவப்பரிசி. பாதி தீட்டியது என்பதால் இளஞ்சிவப்பாக, லேசாக ஒட்டிக்கொண்டு வரும், தாட்ஷிக் குழம்புக்குப் பொருத்தம்.

ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: ‘ஷா’ என்றால் இறைச்சி. ஃபக்ஷா பன்றி, ஜாஷா கோழி, ஷாகம் உலர்த்திய மாட்டிறைச்சி. காய்கறிக் கூட்டு என்று வருவதில் உலர் இறைச்சித் துண்டு கிடப்பதுண்டு. ‘ஷா இல்லாமல்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஷாமு தாட்ஷியின் ‘ஷாமு’ காளான்தான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மோமோவை நீராவிச் சட்டியில் எல்லாம் ஒன்றாக வேகவைக்கும் கடைகளை, கண்டிப்பான சைவர்கள் தவிர்ப்பது நல்லது. பூட்டான் நாட்காட்டியின் முதல் மாதமும் நான்காம் மாதமும் புனிதமானவை. அப்போது இறைச்சி விற்பனை நிற்கும். உங்களுக்கு அது வசதி.

உப்பும் வெண்ணெயும் சேர்ந்த சூஜா தேநீரை, டீ என்று நினைத்துக் குடித்தால் முகம் சுளிக்கும். ரசம் போலக் குடித்துப் பாருங்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எடுத்துப் போவது சரிதான். சிறு குக்கர் கொண்டுபோய்ச் சமைக்க நினைப்பவர்களுக்கு: திம்பு உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும். குக்கரிலும் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள்.

புதுச்சேரி வாசகர்: கொக்குகளையும் முகமூடி நடனத்தையும் ஒரே பயணத்தில் பார்க்க எப்போது போக வேண்டும்?

நவம்பர். ஃபோப்ஜிகா பள்ளத்தாக்கின் கங்தே மடத்து முற்றத்தில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11 அன்று கொக்குத் திருவிழா. பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேடமிட்டு ஆடுவார்கள், முகமூடி நடனமும் உண்டு. கருங்கழுத்துக் கொக்குகள் திபெத்திய மேட்டுநிலத்தில் இருந்து அக்டோபர் இறுதி முதல் வரத் தொடங்கி, பிப்ரவரி, மார்ச் வரை இருக்கும். அவை வந்திறங்கும்போது மடத்தை வலம் வந்துவிட்டுத்தான் தரையிறங்கும் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பறவைகள் மோதிச் சாகக் கூடாதென்று இந்தப் பள்ளத்தாக்கில் மின்கம்பிகளை மண்ணுக்கு அடியில் பதித்திருக்கிறார்கள். சதுப்பு நிலத்துக்குள் கால் வைக்காதீர்கள். மேட்டில் உள்ள கொக்கு மையத்தில் தொலைநோக்கி இருக்கிறது. விடியலிலும் அந்தி சாயும் நேரத்திலும் அவை கூட்டமாக எழும்பி அடையும். இங்கே சுமார் 2,900 மீட்டர் உயரம், நவம்பர் இரவில் உறைபனி. விறகு அடுப்புள்ள அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

முகமூடி நடனம்தான் முதல் ஆசை என்றால் பெரிய ட்செச்சு விழாக்களுக்குத் திட்டமிடுங்கள். ட்செச்சு என்றால் ‘பத்தாம் நாள்’, பத்மசம்பவருக்கு உரியது. பாரோவில் வசந்தத்தில், மார்ச்சிலோ ஏப்ரலிலோ. திம்புவில் செப்டம்பரிலோ அக்டோபரிலோ. திதிப்படி வருவதால் நம் பண்டிகைகள் போலவே ஆங்கிலத் தேதி ஆண்டுக்காண்டு மாறும். பாரோ விழாவின் கடைசி நாள் விடியும் முன்பே, கட்டட உயரத்துக்கு ஒட்டுத் துணியால் தைத்த பிரம்மாண்டத் திரையை விரிப்பார்கள். பெயர் தோங்த்ரோல், ‘கண்டாலே விடுதலை’ என்று பொருள். வெயில் படும் முன் சுருட்டிவிடுவார்கள். ஆறு மணிக்கு எழுந்து, எட்டு மணிக்குப் போனால் வெறும் சுவரைத்தான் பார்ப்பீர்கள். நடனத்தின் இடையே சிவப்பு முகமூடியோடு வந்து கூட்டத்தைச் சீண்டும் கோமாளிக்கு அத்சாரா என்று பெயர். நம் ‘ஆச்சாரியா’தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது! விழா நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், நாலைந்து மாதம் முன்பே பேசி வையுங்கள்.

பூக்களுக்கு ஏப்ரல், மே. ரோடோடென்ட்ரான் தாழ்வான சரிவில் முதலில் பூத்து, மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். பாரோவுக்கும் ஹாவுக்கும் இடையே, 3,800 மீட்டரைத் தாண்டும் செலே லா கணவாய்ப் பக்கம் மே கடைசியிலும் கிடைக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, மண்சரிவு, நடைபாதையில் அட்டை. அந்த மாதங்களில் சாலை வழியை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

நாகர்கோவில் வாசகி: கோயில், மடங்களில் நடந்துகொள்ளும் முறை என்ன?

நம் ஊர்க் கோயில் பழக்கம் பாதி கைகொடுக்கும். ஸ்தூபி, மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய ‘மணி’ச் சுவர், பிரார்த்தனை உருளை எதுவானாலும் வலம்தான். உருளையையும் வலச் சுற்றாகவே தள்ள வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும், கல்தரை சில்லென்று இருக்கும் என்பதால் கெட்டிச் சாக்ஸ் அவசியம். துறவி செம்பில் இருந்து குங்குமப்பூ நீர் ஊற்றினால், தீர்த்தம் வாங்குவது போலக் கையில் வாங்கி, உறிஞ்சி, மீதியைத் தலையில் தடவிக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை அல்லது சேலை. ஜோங் என்ற கோட்டை மடங்களுக்குள் தொப்பியும் குடையும் கூடாது. கருவறைக்குள் படம் எடுக்கக் கூடாது, முற்றத்தில் எடுக்கலாம். சிலையை விரலால் சுட்டாமல், உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள்.

மலைமேட்டில் உயரமான கம்பங்களில் வெள்ளைக் கொடிகள் கூட்டமாக நின்றால் அவை இறந்தவர்களுக்காக நட்டவை, வழக்கமாக 108. அங்கே போய் சினிமாப் பாட்டுக்கு ரீல்ஸ் எடுப்பதை ஊர்க்காரர்கள் சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

திம்புவின் தாஷிச்சோ ஜோங் அரசு அலுவலகமும்கூட. வேலை நாட்களில் மாலை அலுவலகம் முடிந்த பிறகுதான் பார்வையாளருக்குத் திறக்கும். அதைப் பகலில் வைத்துத் திட்டம் போடாதீர்கள். ஒரே ஒரு ஜோங்தான் பார்க்க முடியும் என்றால் புனாக்கா. 1637-ல், பூட்டானை ஒன்றிணைத்த ஷப்துருங் நவாங் நம்க்யால் கட்டத் தொடங்கியது, ‘தந்தை’ ஆறான போ சூவும் ‘தாய்’ ஆறான மோ சூவும் கூடும் முனையில் நிற்கிறது. திம்புத் துறவிகள் குளிர்காலம் முழுக்க இங்கேதான் வந்து தங்குவார்கள்.

கொழும்பு வாசகர்: இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் அதே 1,200 ரூபாயா?

இல்லை. உங்களுக்கு விசா தேவை, கட்டணம் 40 டாலர். எஸ்.டி.எஃப். இரவுக்கு 100 டாலர். 2027 ஆகஸ்ட் இறுதி வரை இந்த விகிதம். இந்தியா வழியாகத் தரைமார்க்கமாகப் போய்வந்தால் இந்திய விசா இரு முறை நுழையும்படி இருக்க வேண்டும். ஒரு முறை விசாவோடு பூட்டானுக்குள் போய்விட்டால் திரும்ப இந்தியாவுக்குள் வர முடியாது.

திருச்சி வாசகர்: பணம், போன் என்ன செய்வது?

பூட்டானின் ஙுல்ட்ரம் நம் ரூபாய்க்குச் சமம், 100 ரூபாய் நோட்டுகளைக் கடைகளில் வாங்குவார்கள். மீதி ஙுல்ட்ரத்தை எல்லைக்கு முன் செலவழித்துவிடுங்கள். ஜெய்காவைத் தாண்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். இந்திய யுபிஐ 2021 முதல் அங்கே உண்டு. ஆனால் உள்ளூர் சிம் போடுவதற்காக வங்கியில் பதிந்த சிம்மைக் கழற்றினால் யுபிஐ செயலி தகராறு செய்யும். இரண்டு சிம் போடும் போன் நல்லது. அங்கே நேரம் நம்மைவிட அரை மணி முன்னால். வழிகாட்டி எட்டு மணி என்றால் உங்கள் கைக்கடிகாரத்தில் ஏழரை.

ஊட்டி வாசகர்: சிகரம் ஏற அனுமதி கிடைக்குமா?

கிடைக்காது. 1994-ல் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களுக்குத் தடை வந்தது, 2003-ல் மலைச் சிகர ஏற்றமே முழுதும் நின்றது. சிகரங்கள் தெய்வங்களின் இருப்பிடம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புயென்சும் இன்னும் மனிதன் கால் படாமல் இருக்கிறது. மலைப்பாதை நடைக்குத் தடையில்லை. பாரோவில் இருந்து திம்பு வரை ஏரிகள் வழியாக ஐந்தாறு நாள் போகும் துருக் பாதை, 4,000 மீட்டரைத் தாண்டும். ஹாவில் தொடங்கி கிழக்கே திரஷிகாங் வரை 403 கிலோமீட்டர் நீளும் பழைய தூதர் பாதையை 2022-ல் சீர்செய்து திறந்தார்கள். அதில் ஒரு நாள் துண்டை மட்டும்கூட நடக்கலாம்.

ஈரோடு வாசகி: டெல்லியில் இருந்து பாரோ விமானத்தில் எவரெஸ்ட் தெரிய எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

போகும்போது இடது, வரும்போது வலது. இறக்கைக்கு முன்னால் உள்ள இருக்கையாகக் கேளுங்கள்.